வாசகர் கேள்வி பதில்: மியூரியல் சீபர்ட், வால் ஸ்ட்ரீட்டின் பெண் முதலாளி

கேள்வி: நிதித் துறையில் சாதித்த பெண்கள் என்றாலே பெரிய வங்கிகளில் படிப்படியாக உயர்ந்தவர்களைத்தான் சொல்கிறார்கள். தானே ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, கடைசிவரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த பெண் யாராவது உண்டா?
- வாசகி, விருதுநகர்

பதில்: அமெரிக்காவின் மியூரியல் சீபர்ட்டைத்தான் முதலில் சொல்வேன். ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் 1928இல் பிறந்தவர். தந்தை நோய்வாய்ப்பட்டதால் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட அவர், 1954இல் ஒரு பழைய ஸ்டூடிபேக்கர் காரோடும் 500 டாலரோடும் நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தார். பட்டம் இல்லை என்று ஓரிடத்தில் கைவிரித்துவிட்டார்கள். அடுத்துப் போன பாச் என்ற தரகு நிறுவனத்தில் பட்டம் இருப்பதாகவே சொல்லி, வாரம் 65 டாலர் சம்பளத்தில் ஆய்வுப் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் அவரே இதை வெளிப்படையாகச் சொன்னார். நான் அதை நியாயப்படுத்தவில்லை, ஆனால் சொல்லாமல் விடுவதும் சரியல்ல.

மூத்த ஆய்வாளர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய விமானப் போக்குவரத்து, திரைப்படம் போன்ற துறைகள்தாம் அவருடைய மேசைக்கு வந்தன. பயணிகள் சேவைக்கு ஜெட் விமானங்கள் வரவிருந்த காலம் அது. யாரும் சீந்தாத விமான நிறுவனங்களின் கணக்குகளில் அவர் பெற்ற தேர்ச்சிக்கு, சில ஆண்டுகளிலேயே பெரிய முதலீட்டு நிறுவனங்களிடம் மதிப்பு கூடியது. சம்பளம் மட்டும், அதே வேலையைச் செய்த ஆண்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவாகவே இருந்தது. வேறு வேலை தேடி முழுப்பெயருடன் அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை, பெயரை எம்.எஃப். சீபர்ட் என்று சுருக்கி அனுப்பியபோது நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

கேள்வி: நியூயார்க் பங்குச்சந்தையில் உறுப்பினரான முதல் பெண் அவர் என்று படித்தேன். அதுவரை பெண்கள் சேரக்கூடாது என்று சட்டம் இருந்ததா?
- வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. அதனால்தான் இந்தக் கட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தப் பெரிய நிறுவனத்தில் சேர்ந்தால் ஆண்களுக்கு இணையான வருமானம் கிடைக்கும் என்று, தம் வாடிக்கையாளரும் புகழ்பெற்ற நிதி மேலாளருமான ஜெரால்டு சாய் என்பவரிடம் சீபர்ட் கேட்டார். எங்கும் கிடைக்காது, பங்குச்சந்தையில் சொந்தமாக ஓர் இருக்கை (அதாவது உறுப்பினர் உரிமை) வாங்கி உங்களுக்காகவே வேலை செய்யுங்கள் என்பது சாயின் யோசனை. சீபர்ட் சந்தையின் விதிப்புத்தகத்தை எடுத்துப் படித்துப் பார்த்தார். பெண்களைத் தடுக்கும் விதி எதுவும் அதில் இல்லை.

விதியில் இல்லாத தடை நடைமுறையில் இருந்தது. தம்மை முன்மொழியும்படி அவர் கேட்ட முதல் பத்துப் பேரில் ஒன்பது பேர் மறுத்துவிட்டார்கள். முன்மொழிபவர்கள் கிடைத்த பிறகு, இருக்கையின் விலையான 4,45,000 டாலரில் 3,00,000 டாலரைக் கடனாகத் தருவதாக ஒரு வங்கியிடமிருந்து கடிதம் வாங்கி வரும்படி பங்குச்சந்தை கேட்டது. அதற்கு முன் விண்ணப்பித்த எவரிடமும் அப்படிக் கேட்டதில்லை. வங்கிகளோ, உங்களைச் சேர்த்துக்கொள்வதாகச் சந்தை முதலில் சொல்லட்டும், பிறகு கடிதம் தருகிறோம் என்றன. இந்த இரண்டு வாசல்களுக்கும் இடையே அவர் மாதக்கணக்கில் அலைந்தார். கடைசியில் சேஸ் மன்ஹாட்டன் வங்கி கடன் தர முன்வந்தது. 1967 டிசம்பர் 28 அன்று, 1,365 ஆண்கள் இருந்த அவையில் அவர் உறுப்பினரானார். மறுத்த ஒன்பது பேரும் விதியை மீறவில்லை, கடிதம் கேட்டவர்களும் மீறவில்லை. ஆனாலும் ஒரு பெண் ஏறக்குறைய வெளியிலேயே நிறுத்தப்பட்டிருப்பார் என்பதுதான் இதில் என்னை மிகவும் உறுத்துகிறது.

கேள்வி: முதல் பெண் என்ற பெருமை சரி. ஒரு நிறுவனத் தலைவராக அவர் எடுத்த பெரிய முடிவு எது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: நல்ல கேள்வி. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1967உடன் நின்றுவிடுகிறார்கள். என் கணிப்பில் அவருடைய உண்மையான துணிவு 1975இல்தான் வெளிப்பட்டது.

1792இல் தரகர்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்து, நியூயார்க்கில் தரகுக் கட்டணத்துக்குக் குறைந்தபட்ச அளவு ஒன்று வகுக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே எந்த உறுப்பினரும் வாங்கக்கூடாது. 1968 வரை, மொத்தமாக வாங்குகிறவருக்குத் தள்ளுபடிகூடக் கிடையாது. 100 பங்குகளை வாங்கித் தருவதற்கும் 10,000 பங்குகளை வாங்கித் தருவதற்கும் தரகருடைய வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்றாலும், கட்டணம் பங்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போனது. இந்த முறையை அரசின் கண்காணிப்பு ஆணையம் 1975 மே 1 அன்று ஒழித்தது. பெரும்பாலான நிறுவனங்கள் மற்றவர் என்ன செய்கிறார் என்று காத்திருந்தபோது, 1969இல் தொடங்கிய தம் நிறுவனத்தைத் குறைந்த கட்டணம் வாங்கும் தள்ளுபடித் தரகு நிறுவனமாக அன்றைக்கே அறிவித்தார் சீபர்ட். நூறு டாலர் நோட்டு ஒன்றை அவர் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டும் படத்துடன் பத்திரிகையில் விளம்பரமும் வந்தது.

சக தரகர்கள் இதைத் துரோகமாகவே பார்த்தார்கள். அவருடைய பரிவர்த்தனைகளுக்குக் கணக்குத் தீர்த்து, பங்கையும் பணத்தையும் கைமாற்றிக் கொடுத்துவந்த நிறுவனம் அவரைக் கைவிட்டது. அந்தச் சேவை இல்லாவிட்டால் தரகு நிறுவனம் கதவை மூட வேண்டியதுதான். அவர் வேறொரு நிறுவனத்தைத் தேடிப் பிடித்துத் தொழிலைத் தொடர்ந்தார். எட்டாண்டுகளுக்கு முன் எவ்வளவோ பாடுபட்டு உள்ளே நுழைந்த அவர், அந்த அவையின் வருமான முறைக்கு எதிராகவே நின்று, சிறு முதலீட்டாளரின் பக்கம் சேர்ந்தார். அவரை நான் மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

கேள்வி: பெண்களுக்குக் கழிப்பறை கேட்டு அவர் பங்குச்சந்தையையே மிரட்டினார் என்கிறார்களே, உண்மையா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்மை. உறுப்பினர்கள் மதிய உணவு அருந்தும் ஏழாவது மாடியில் மகளிர் கழிப்பறை இல்லை. ஆண்டு முடிவதற்குள் கட்டாவிட்டால் நடமாடும் கழிப்பறை ஒன்றை அங்கே கொண்டுவந்து வைப்பேன் என்று அவர் தலைவரிடம் சொன்ன பிறகுதான் கட்டினார்கள். அது 1987, அவர் உறுப்பினராகி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கேள்வி: நன்றாக நடந்துகொண்டிருந்த நிறுவனத்தை விட்டுவிட்டு அரசுப் பதவிக்குப் போனது சரியான முடிவா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நிறுவனத்துக்கு அது நட்டம் என்றே நினைக்கிறேன். 1977இல் நியூயார்க் மாநில ஆளுநர் ஹியூ கேரி அவரை வங்கிக் கண்காணிப்பாளராக நியமித்தபோது, தம் பங்குகளை ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் விட்டு, நிர்வாகத்தில் தலையிடாமல் ஒதுங்க வேண்டியிருந்தது. தள்ளுபடித் தரகு வேகமாக வளர்ந்த ஆண்டுகள் அவை; சார்லஸ் ஷ்வாப் போன்ற போட்டியாளர்கள் அந்தக் காலத்தில்தான் பெரிதாக வளர்ந்தார்கள். ஆனால் வட்டி விகிதம் தாறுமாறாக ஏறி, நாட்டின் பல பகுதிகளில் வங்கிகள் சரிந்தபோது, அவருடைய பொறுப்பில் இருந்த நியூயார்க்கில் ஒரு வங்கிகூடத் திவாலாகவில்லை. தடுமாறிய வங்கிகளை வலுவானவற்றுடன் இணைக்க அவர் பாடுபட்டார். அந்த வங்கிகளில் பணம் போட்டிருந்தவர்களை நினைத்தால், அந்த நட்டம் தகும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1982இல் பதவி விலகி, செனட் உறுப்பினராவதற்கான கட்சித் தேர்தலில் தோற்று, மீண்டும் நிறுவனத்துக்கே திரும்பினார். பங்குச்சந்தையில் ஏற்கெனவே பட்டியலிடப்பட்டிருந்த ஓர் அறைகலன் நிறுவனத்துடன் இணைத்து 1996இல் தம் நிறுவனத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 2013 ஆகஸ்டில் இறக்கும்வரை அதன் தலைமையை விடவில்லை.