டெர்மனின் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? – கேள்வி பதில்

கேள்வி: அறிவுத்திறன் டெஸ்டில் ஐ.க்யூ. 140 வந்த பிள்ளை (சராசரி 100) வளர்ந்ததும் சாதிப்பானா?

பதில்: வாய்ப்பு கூடும், உறுதி கிடையாது. அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921-ல் கலிஃபோர்னியாவில் ஐ.க்யூ. மிக அதிகமான ஏறத்தாழ 1,500 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். படிப்பிலும் வருமானத்திலும் அவர்கள் சராசரியை நன்றாகவே தாண்டினார்கள். ஆனால் ஆண்களில் மிகவும் முன்னேறிய 150 பேரையும் பின்தங்கிய 150 பேரையும் ஒப்பிட்டபோது ஐ.க்யூ.வில் பெரிய வித்தியாசமில்லை. விடாமுயற்சி, தன்னம்பிக்கை, குடும்பத்தின் படிப்பு இவைதான் பிரித்துக் காட்டின. இன்னொன்றும் கவனியுங்கள்: முதல் சல்லடை ஆசிரியர்களின் பரிந்துரை. அதனால் வசதியான வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளே அதிகம் வந்தார்கள். டெர்மனே சிலருக்குச் சிபாரிசுக் கடிதமும் எழுதினார்.

கேள்வி: மகளுக்கு 4 வயது. எல்லாத் தலைநகரங்களையும் ஒப்பிக்கிறாள். டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த வயதில் பசி, தூக்கம், புது ஆளிடம் கூச்சம் எல்லாமே மதிப்பெண்ணில் ஏறிவிடும். பின்னாளில் எடுத்தாலும் எண்ணைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

கேள்வி: மதிப்பெண் போதவில்லை என்று டெர்மன் சிறுவயதில் கழித்துவிட்ட ஷாக்லி, ஆல்வாரெஸ் இருவருக்கும் நோபல் கிடைத்தது. தேர்வானவர் ஒருவருக்கும் இல்லை. அப்புறம் எதற்கு டெஸ்ட்?

பதில்: 1956, 1968 இயற்பியல் பரிசுகள், உண்மைதான். ஆனால் அவ்வளவு அரிய பரிசு 1,500 பேரில் யாருக்கும் வராததுதான் இயல்பு. அதை வைத்து டெஸ்டைத் தள்ள முடியாது.

கேள்வி: மழுப்புகிறீர்கள். ஒரு கோட்டுக்கு மேல் மதிப்பெண்ணால் பயனில்லை என்பதுதானே பாடம்?

பதில்: இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி 1971-ல் தொடங்கிய ஆய்வு 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தாளைக் கொடுத்தது. வகுப்புத் தாளில் எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கினால் யார் எவ்வளவு மேலே என்று தெரியாது. அதனால்தான் கடினத் தாள். முதல் ஒரு சதவீதத்துக்குள்ளேயே, மேல்கால்வாசியினர் கீழ்கால்வாசியினரைவிட அதிக முனைவர் பட்டமும் காப்புரிமையும் பெற்றார்கள். கோடு என்று ஒன்று தென்படவில்லை. டெர்மன் காட்டியது வேறு: மதிப்பெண் மட்டும் போதாது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

கேள்வி: மகனுக்கு 5 வயது, வாய்ப்பாடு முழுக்க…

பதில்: 4 வயதுக்குச் சொன்னதேதான்.

கேள்வி: 3 வயது. எழுத்து படிக்கிறான், பேச்சு வரவில்லை. மேதையா?

பதில்: இங்கே கேட்காதீர்கள். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி, காது கேட்கும் சோதனையும் செய்யுங்கள்.

கேள்வி: ஒரு வகுப்பைத் தாண்டிப் போடலாமா?

பதில்: முதலில் ஒரே பாடத்தில் செய்து பாருங்கள்: கணக்குக்கு மட்டும் மேல் வகுப்பில் ஒரு பருவம் உட்காரட்டும். கையெழுத்து வேகம் பின்தங்குகிறதா, பிள்ளைக்கே விருப்பமா என்று பாருங்கள். ஐ.க்யூ. எண்ணைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். வாரத்தில் இரண்டு கணக்காவது அரைமணி நேரம் திணற வைப்பதாக இருக்கட்டும். திணறாமலே பத்தாம் வகுப்பு வரை வந்த பிள்ளை, முதல் கடினப் பாடத்திலேயே ‘எனக்கு மூளையில்லை’ என்று விட்டுவிடும்.