எட்டரை வயது மகளுக்கு மார்பு அரும்புகிறது: கோழியாலா, பரம்பரையாலா?

கேட்டவர் ஒரு தாய். மகள் நாலாம் வகுப்பு, எட்டரை வயது, ஒரு பக்க மார்பில் சின்னக் கட்டி மாதிரித் தட்டுப்படுகிறதாம். புரொய்லர் கோழி கொடுத்துக் கொடுத்துத்தான் இப்படி என்று மாமி ஏசுகிறாவாம். இது சாப்பாட்டாலா, இரத்தத்தில் வந்ததா என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, அந்தக் கட்டிக்குப் பயப்பட வேண்டாம். மார்பு அரும்பும்போது முதலில் ஒரு பக்கம் மட்டும் தொடங்குவது சாதாரணம், தொட்டால் நோகும், சில மாதத்தில் மற்றப் பக்கமும் வரும். நான் திருகோணமலையில் உயிரியல் படிப்பிக்கிறேன், வைத்தியர் இல்லை. ஆனால் இதே பேச்சை என் மகளுக்காக நானும் கேட்டவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டையே பாருங்கள். அக்கா 1984இல் பதின்மூன்று வயதில் பெரியபிள்ளை ஆனா. நான் பதினைந்தரையில். என் மகள் பதினொன்றில். ஒரே குடும்பம், ஒரே இரத்தம், ஏன் இத்தனை வித்தியாசம்? 1990இல் ஊரை விட்டு ஓடியபோது எனக்குப் பதினாலு வயது. முகாமில் நிவாரண அரிசிக் கஞ்சிதான், ஒரு வருசத்துக்குள் என் பாவாடை எல்லாம் இடுப்பில் நிற்காமல் போனது. உடம்பில் கொழுப்புச் சேர்ந்தால் லெப்டின் என்ற ஹார்மோன் ஊறும், இருப்பு போதும் என்று மூளைக்குச் செய்தி சொல்வது அதுதான். அந்தச் செய்தி போகாவிட்டால் மூளை காத்திருக்கும். போஸ்னியப் போரில் முற்றுகைக்குள் இருந்த ஸ்ரெப்ரெனிட்சா சிறுமிகளும் மற்ற ஊர்ச் சிறுமிகளைவிடப் பிந்தித்தான் வயதுக்கு வந்தார்கள் என்று பிறகு ஒரு ஆய்வில் வாசித்தபோது, அம்மா அந்த நாளில் எனக்காக வைத்த நேர்த்தியெல்லாம் ஞாபகம் வந்து அழுதுவிட்டேன்.

அதற்காகப் பரம்பரைக்குப் பங்கில்லை என்று நினைக்க வேண்டாம். ஒரே மாதிரிச் சூழலில் வளரும் பிள்ளைகளுக்கு இடையில் வரும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் மரபணுவால்தான் என்று இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு மரபணு இல்லை, 2024இல் ஏறத்தாழ 8 லட்சம் பெண்களை வைத்துப் பார்த்து மரபணுத் தொகுப்பில் இதோடு தொடர்புள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களைக் கண்டார்கள், ஒவ்வொன்றும் துளித்துளியாகத் தள்ளும். ஆனால் சில குடும்பங்களில் ஒன்றே போதும். எம்கேஆர்என்3 என்ற மரபணு மூளையில் பிரேக் மாதிரி, அது பழுதாக இருந்தால் பிள்ளை மிக முந்தி வயதுக்கு வரும் என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பழுது தகப்பன் வழியாக வந்தால்தான் வேலை செய்யும், தாயிடமிருந்து வந்தால் பேசாமல் கிடக்கும். எங்கள் ஊரில் "தாயைப் போல" என்று தாயை மட்டும்தான் விசாரிப்பார்கள். நீங்கள் உங்கள் அவரிடமும் கேளுங்கள், எத்தனை வயதில் குரல் உடைந்தது, எப்போது உயர்ந்தவர் என்று.

சரி, கோழி. கோழி ஆறு கிழமையில் பெருப்பது ஹார்மோனால் இல்லை, வேகமாக வளர்பவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனம் பெருக்கியதால். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீனியில் கலந்தால் செரித்துப்போகும். மாமியிடம் இதைப் பதமாகச் சொல்லுங்கள். பிள்ளையின் நிறை கூடுவதுதான் கவனிக்க வேண்டியது, அது கோழியாலும் வரலாம், பிஸ்கட்டாலும் சோடாவாலும் வரலாம், பின்னேரம் விளையாட விடாமல் டியூசனுக்கு ஏற்றி இறக்குவதாலும் வரலாம். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டு நடுப்பகுதியில் 16, 17 வயதில் வந்த முதல் மாதவிடாய் நூறு வருசத்தில் 13க்கு இறங்கியது. நூறு வருசத்தில் மரபணு மாறாது, மாறியது சாப்பாடும் சுகமும்தான். மார்பு அரும்பும் வயதும் 1977க்கும் 2013க்கும் இடையில் பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் முந்தியிருக்கிறது.

இரசாயனங்களும் உண்டு, எனக்கு அதில்தான் கவலை கூட. 1973இல் அமெரிக்காவின் மிச்சிகனில் மாட்டுத் தீனியில் தவறுதலாகத் தீத்தடுப்பு இரசாயனம் கலந்துவிட்டது. அந்தப் பாலையும் இறைச்சியையும் உண்ட தாய்மாரின் மகள்களில், வயிற்றிலும் தாய்ப்பாலிலும் அதிகம் பெற்றவர்கள் சராசரி 11.6 வயதில் வயதுக்கு வந்தார்கள், குறைவாகப் பெற்றவர்கள் 12.2க்கும் 12.6க்கும் இடையில். பிளாஸ்டிக்கிலும் வாசனைப் பொருட்களிலும் இருக்கும் பித்தலேற்றுகளைப் பற்றியும் இப்படிச் சந்தேகம் இருக்கிறது, முடிவுகள் ஒன்றுபோல இல்லை. நான் சூடான சோற்றை லஞ்ச் சீட்டில் கட்டுவதை மட்டும் நிறுத்தினேன். அப்புறம் எல்லா நஞ்சும் முந்த வைப்பதும் இல்லை. கரையோர வீடுகளில் வலைக்கு ஈயக்குண்டு உருக்குவார்கள் தானே, இரத்தத்தில் ஈயம் கூடிய சிறுமிகள் பிந்தி வயதுக்கு வருவதாக 2003இல் வந்த அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. அது மூளைக்கும் கெடுதி, குசினிப் பக்கம் உருக்க விடாதீர்கள்.

இனி உங்கள் மகள். எட்டு வயதுக்கு முன் மார்பு அரும்பினால் கட்டாயம் காட்ட வேண்டும் என்பது கணக்கு. உங்கள் பிள்ளை அதைத் தாண்டிவிட்டா, அரும்பியதிலிருந்து மாதவிடாய்க்கு வழமையாக இரண்டு, இரண்டரை வருசம் இருக்கும். ஆனாலும் எட்டுக்கு முதலே தொடங்கி நீங்கள் கவனிக்காமல் விட்டிருந்தாலோ, கட்டி கிடுகிடுவென்று பெருத்தாலோ, தலையிடி, பார்வை மங்கல், இரத்தக்கசிவு இருந்தாலோ தாமதிக்க வேண்டாம். வைத்தியர் இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். மிக முந்தி வயதுக்கு வரும் பிள்ளை இப்போது வகுப்பிலேயே உயரமாக இருக்கும், எலும்பு சீக்கிரம் மூடிவிடுவதால் பிறகு கட்டையாக நின்றுவிடும். தேவை என்றால் வயதுக்கு வருவதைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க மாதத்துக்கு அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி இருக்கிறது, ஊசியை நிறுத்தினால் அது இயல்பாகத் தொடரும்.

இன்னொன்று, பிள்ளைக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். எனக்கு முகாமில் யாரும் சொல்லவில்லை, காயம் என்று நினைத்து இரண்டு நாள் ஒளித்து வைத்திருந்தேன். புத்தகப் பையில் ஒரு பேட் பக்கற்றும் மாற்று உடுப்பும் வையுங்கள், வகுப்பு ரீச்சரிடம் காதோடு சொல்லி வையுங்கள். இன்றைக்கே சுவரில் அவவின் உயரத்தைப் பென்சிலால் குறித்துத் திகதி போடுங்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளந்து, இரண்டையும் எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.