திரும்பி வரும் ரோபோவைக் கட்டுங்கள்

தொட்டி, நிலத்தடிக் குழாய், கொதிகலன் ஆகியவற்றுக்குள் பராமரிப்பு செய்யும் ரோபோவை இறுதியாண்டு புராஜெக்டாக எடுக்கலாமா, அது வேலைக்கு உதவுமா என்று கேட்கிறீர்கள். எடுங்கள், நிச்சயம் உதவும். ஆனால் கேமராவையும் கையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உள்ளே போனது எப்படி வெளியே வரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சிக்கிய ரோபோவை எடுக்க ஓர் ஆள் இறங்க நேர்ந்தால், அதைக் கட்டியதற்கே பொருளில்லை.

2011 அக்டோபரில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலைக் கட்டடத்துக்குள் சென்ற குவின்ஸ் ரோபோ, திரும்பும் வழியில் கேபிள் அறுந்து உள்ளேயே நின்றுவிட்டது. உலோகச் சுவர்களுக்குள் வைஃபையை நம்ப முடியாது என்பதால் கேபிள் வேண்டியிருக்கிறது. அதுவே காலை வாரவும் செய்கிறது. கேபிளை இழுக்கத் தேவையான விசை குழாயின் வளைவுக்கு வளைவு பெருக்கலாக ஏறும். உராய்வுக் கெழு 0.4 என்றால், இரண்டு 90 டிகிரி வளைவுகளைத் தாண்டியதும் சுமார் 3.5 மடங்கு, நான்கைத் தாண்டினால் 12 மடங்கு. மேசைமேல் நன்றாக ஓடிய மோட்டார் அங்கே முடங்கும், மின்னோட்டம் எகிறும், மோட்டாரை இயக்கும் டிரைவர் போர்டு கருகும். கேபிள் சுற்றிய ரீலை ரோபோவின் மேலேயே வைத்து, போகப்போகக் கேபிளை விட்டுச் செல்லுங்கள். திரும்பும்போது அதுவே சுற்றிக்கொள்ளட்டும். வோர்ம் கியரை (திருகு போன்ற தண்டு சுழற்றும் பற்சக்கரம்) யோசித்துப் போடுங்கள்: மின்சாரம் போனால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து இழுத்தாலும் உருளாது.

அடுத்தது வாயு. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால், வெடிக்க ஒரு பொறி போதும். பிரஷ் மோட்டார் பொறி விடும். மலிவான எம்க்யூ வகை வாயு உணரிக்குள் சூடேறும் கம்பி இருக்கிறது. ஐபி68 என்ற பாதுகாப்புத் தரம் தூசிக்கும் தண்ணீருக்கும் மட்டுமே. வெடிப்புக்காப்புக்கு ஐஇசி 60079 என்ற சர்வதேசத் தர வரிசையைப் படியுங்கள். சான்றிதழ் இல்லாத மாதிரியை உண்மையான தொட்டியில் இறக்கவே வேண்டாம்; திறந்தவெளியில் குழாய்த் துண்டுகளை இணைத்து, சேறு கொட்டிச் சோதியுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மோட்டார் மின்னோட்டம், வெப்பநிலை, எங்கே நின்றது, ஏன், என்ன மாற்றினீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். மெக்கானிக்கல் மாணவர் சீல், கியர்பாக்ஸையும், எலெக்ட்ரானிக்ஸ் மாணவர் மின்வழங்கலையும், கணினி மாணவர் ஆர்ஓஎஸ் 2 (ரோபோக்களுக்கான மென்பொருள் தளம்) நிரலையும் பொறுப்பேற்கட்டும். சுத்திகரிப்பு ஆலை, மின்நிலையம், ஆய்வுச் சேவை நிறுவனம் என எங்கு நேர்காணலுக்குப் போனாலும் அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். “இணைப்பு அறுந்தால் உங்கள் ரோபோ அடுத்த பத்து விநாடியில் என்ன செய்யும்?” என்று கேட்டால், பதில் அதில் தேதியோடு இருக்க வேண்டும்.