என்கிளெக்ஸ் தேர்வுக்கு எப்போதிருந்து தயாராக வேண்டும்?

கேட்டிருப்பவர் பி.எஸ்சி. நர்சிங் இறுதி ஆண்டு மாணவி. அமெரிக்காவில் நர்ஸாக வேண்டும், அதற்கு அங்கே நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் ஆர்.என். தேர்வை எழுத வேண்டும். படிப்பை முடித்துவிட்டுத் தயாராகலாமா, இப்போதே கோச்சிங் சேர வேண்டுமா என்பது கேள்வி. அந்தத் தேர்வை எழுதித் தேறி வேலை பார்ப்பவளாகச் சொல்கிறேன். இப்போதே தொடங்குங்கள். கோச்சிங் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் தினமும் போகிற வார்டைப் பயன்படுத்துங்கள்.

ஏன் வார்டு என்பதற்கு ஒரு மாதிரிக் கேள்வி. உங்கள் பொறுப்பில் நான்கு பேர். ஒருவர் நேற்று வயிற்றில் ஆபரேஷன் ஆனவர், வலி பத்துக்கு ஏழு என்கிறார். அடுத்தவர் சர்க்கரை நோயாளி, சுகர் 250. மூன்றாமவர் சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர், ரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதம். நான்காமவர் தைராய்டு ஆபரேஷன் முடிந்து வந்தவர், வாயைச் சுற்றி ஊசி குத்துவது போல இருக்கிறது என்கிறார். முதலில் யாரிடம் போவீர்கள்?

90 என்ற எண்ணைப் பார்த்ததும் பலர் மூன்றாமவரிடம் ஓடுவார்கள். ஆனால் சி.ஓ.பி.டி. நோயாளிக்கு 88 முதல் 92 வரைதான் வழக்கமான இலக்கு, அவர் அதற்குள்தான் இருக்கிறார். வலியையும் சுகரையும் கவனிக்கத்தான் வேண்டும், ஆனால் சில நிமிடங்கள் பொறுக்கும். தைராய்டை எடுக்கும்போது அதன் பின்னால் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அடிபட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும். வாயைச் சுற்றி வரும் அந்த உணர்வு அதற்கான ஆரம்ப அறிகுறி. கண்டுகொள்ளாமல் விட்டால் தசை இழுப்பு, குரல்வளை இறுக்கம், மூச்சடைப்பு என்று போகும். ஆக, நான்காமவர்தான்.

பாராதைராய்டைப் பற்றிப் பத்து மார்க் கேள்விக்கு நீங்கள் எல்லோரும் எழுதியிருப்பீர்கள். அதே பாடம் நான்கு கட்டில்களுக்கு நடுவே ஒரு சின்னப் புகாராக வந்து நின்றால் கண்ணில் படுகிறதா என்பதைத்தான் இந்தத் தேர்வு பார்க்கிறது. 2023 ஏப்ரலில் வந்த புதிய வடிவத்தில் இது இன்னும் வெளிப்படை. ஒரு நோயாளியின் சார்ட்டைக் கொடுத்து அதன்மேல் ஆறு கேள்விகள் கேட்பார்கள்: எது கவனிக்க வேண்டிய அறிகுறி, அது எதைக் காட்டுகிறது, எது அவசரம், என்னென்ன செய்யலாம், இப்போது எதைச் செய்வீர்கள், செய்தபின் பலன் இருந்ததா. அப்படி மூன்று கேஸ்கள் எல்லோருக்கும் உண்டு.

இதற்கு வார்டில் என்ன செய்யலாம்? டியூட்டி மாறும்போது நோயாளிகளின் நிலையை அடுத்த நர்ஸிடம் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் நடக்கும் இல்லையா, அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். பெயர் வேண்டாம், கட்டில் எண் மட்டும் போட்டு, யாரை முதலில் பார்ப்பீர்கள், ஏன் என்று பாக்கெட் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். பிறகு ஸ்டாஃப் நர்ஸ் யாரிடம் முதலில் போகிறார் என்று பாருங்கள். உங்கள் வரிசையும் அவருடையதும் மாறினால், அவருக்குக் கை ஒழிந்த நேரம் பார்த்து, "சிஸ்டர், ஏன் அவரை முதல்ல பார்த்தீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகவே சொல்வார்கள். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதும் கேர் பிளானில் (நோயாளியைக் கவனிக்கும் திட்டம்) மார்க் வரும், இந்தப் பழக்கம் வராது. வார்டு போஸ்டிங் நேரம் முழுவதையும் பி.பி. பார்த்து, பெட் போட்டு, ரெக்கார்டு எழுதியே கழித்துவிடும் மாணவிகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

இன்னொன்று. "டாக்டருக்குத் தெரிவிப்பேன்" என்பது நம் வாயில் முதலில் வரும் பதில். தேர்வில் அதற்கு முன் நர்ஸ் தானே செய்ய வேண்டியது ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது நோயாளிக்குக் குளிரும் நடுக்கமும் வந்தால் முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவது, அப்புறம்தான் போன். அதேபோல உதவியாளரிடம் எதை ஒப்படைக்கலாம் என்ற கேள்விகளும் நிறைய வரும். நிலையாக இருப்பவருக்கு பி.பி. பார்ப்பது, குளிப்பாட்டுவது போன்றவற்றைக் கொடுக்கலாம். முதல் மதிப்பீடும் நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பதும் உங்கள் வேலை.

மனப்பாடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை, பொட்டாசியம் மருந்தை ஒருபோதும் ஊசியால் நேராக ரத்தக் குழாயில் தள்ளக் கூடாது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினுக்கு முறிமருந்து புரோட்டமின், வயிற்றுப்போக்கைத் தரும் சி.டிஃப் கிருமி என்றால் கை கழுவ சோப்பும் தண்ணீரும், இவையெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.

கேள்வி வங்கி ஒன்று போதும். எத்தனை கேள்வி போட்டோம் என்று எண்ணாமல், ஒவ்வொரு கேள்விக்கும் கீழே இருக்கும் விளக்கத்தை முழுதாகப் படியுங்கள், விடை சரியாக இருந்தாலும். மற்ற மூன்றும் ஏன் தவறு என்று சொல்லத் தெரிந்தால்தான் அந்தக் கேள்வி முடிந்தது. பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளில் இப்போது பகுதி மதிப்பெண் உண்டு, ஆனால் தவறாகத் தொட்டால் ஒன்று கழியும். எல்லாவற்றையும் டிக் அடித்துவிடாதீர்கள்.

தேர்வறையில் பயப்பட வேண்டாம் என்பதற்கும் காரணம் சொல்கிறேன். நீங்கள் சரியாகச் சொல்லச் சொல்ல கம்ப்யூட்டர் கடினமாகக் கேட்கும். சரியாகச் சொல்ல ஏறக்குறைய பாதி வாய்ப்பு இருக்கும் கேள்விகளையே அது தேடித் தருவதால், பாதிக்குமேல் தெரியவில்லையே என்ற கலக்கம் தேறுகிறவர்களுக்கும் இருக்கும். 85 கேள்வியில் நிற்கலாம், 150 வரையும் போகலாம். சீக்கிரம் நின்றால் பாஸ் என்றோ, நீண்டால் ஃபெயில் என்றோ அர்த்தமில்லை. இடைவேளையும் சேர்த்து 5 மணி நேரம். பின்னால் திரும்பிப் போக முடியாது, எனவே பதில் கொடுத்த கேள்வியை மறந்துவிட்டு அடுத்ததைப் படியுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெயரில். மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். தேர்வுக்குப் பதிவு செய்யும் பெயர் அடையாள அட்டையில் இருப்பதோடு பொருந்தாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். கல்லூரியில் இருக்கும்போதே சரிசெய்யுங்கள். லைசென்ஸ் கொடுப்பது ஒவ்வொரு மாநிலத்தின் நர்சிங் போர்டுதான், விதிகளும் மாறும். உதாரணமாக, ஒரு பாடத்தின் தியரியும் கிளினிக்கலும் (வார்டுப் பயிற்சி) ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா பார்க்கும். எந்த மாநிலம் என்று முடிவு செய்துவிட்டு அதன் போர்டு இணையதளத்தை நீங்களே படியுங்கள், ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். கிளினிக்கல் நேரக் கணக்கைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை தேறவில்லை என்றால் எந்தப் பகுதியில் தேர்ச்சி அளவுக்குக் கீழே இருந்தீர்கள், எதில் நெருங்கியிருந்தீர்கள் என்று ஓர் அறிக்கை வரும். அடுத்த தேர்வுக்குக் குறைந்தது 45 நாள் இடைவெளி வேண்டும். அந்த நாள்களில் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். அறிக்கையில் கீழே என்று போட்டிருக்கும் பகுதிகளில் தொடங்குங்கள்.