ஊர் வரலாற்றை எந்தக் கட்டில் தேடுவது? பல்கலைக்கழக நூலக ஆவணங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, முனைவர் பட்டத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார நிலவுரிமை வரலாற்றை எடுத்திருக்கிறேன். பல்கலைக்கழக நூலகக் கேட்டலாக்கில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் நாலைந்து தலபுராணப் பதிப்புகள்தான் வருகின்றன. ஆவணம் எதுவுமே இல்லையா?

பதில்: இருக்கும். நீங்கள் கேட்கும் விதத்தில் அது அகப்படாது. புத்தகத்தைப் பொருள்வாரியாக அடுக்குவார்கள். ஆவணத்தை அதை உண்டாக்கியவர் வாரியாகத்தான் வைப்பார்கள். ஒரு ஜமீன் கச்சேரியின் கடிதக் கட்டு அந்த ஜமீனின் பெயரில் இருக்கும். அதற்குள் முப்பது ஊர்களின் வாய்க்கால் தகராறு இருந்தாலும், அந்த முப்பது பெயரும் கேட்டலாக்கில் ஏறியிருக்காது. ஆகவே "என் ஊரைப் பற்றி என்ன இருக்கிறது" என்று தொடங்காமல், "என் ஊரைப் பற்றி எழுதவேண்டிய வேலை அந்தக் காலத்தில் யாருக்கு இருந்தது" என்று தொடங்குங்கள். கலெக்டர், ஜமீன், கோயில் தேவஸ்தானம், மிஷன், மடம், கணக்குப்பிள்ளை, வட்டிக்கடை என்று ஒரு பட்டியல் வரும். அந்தப் பெயர்களைத் தேடுங்கள்.

அடுத்தது மாவட்ட எல்லை. இன்று விருதுநகர் மாவட்டம் என்கிறோம். அது 1985இல் பிரிந்தது. அதற்கு முன் ராமநாதபுரம் மாவட்டம். அந்த மாவட்டமோ 1910இல்தான் உருவானது. அதற்கும் முன் ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி கலெக்டருக்குக் கீழ் இருந்தது. ஆகவே உங்களுடைய 19ஆம் நூற்றாண்டுக் காகிதமெல்லாம் திருநெல்வேலித் தொகுதிகளில். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர் சார்ந்தவை, அதனால் திருவனந்தபுரம் பக்கம் தேட வேண்டும். புதுக்கோட்டைக்கு 1948 வரை தனி தர்பார். தரங்கம்பாடி 1845 வரை டேனிஷ்காரர்களிடம், நாகப்பட்டினம் 1781 வரை டச்சுக்காரர்களிடம். எல்லை மாறிய ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளாமல் நூலகத்துக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது, எழுத்துக்கூட்டல். பழைய ஆங்கில அட்டவணைகளில் ஒரே ஊர் நான்கு விதமாக இருக்கும். டின்னவெல்லி, டிரிச்சினாபொலி, டாஞ்சூர் மாதிரிப் பெரிய ஊர்ப் பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். சிற்றூருக்கு அந்தக் காலத் தாலுகா வரைபடத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்து அதைப் போட்டுத் தேடுங்கள்.

கேள்வி: கணினிக் கேட்டலாக்கில் இல்லை என்றால் நூலகத்தில் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. பல நூலகங்களில் நன்கொடைத் தொகுப்புகள் இன்னும் கணினிக்கே வரவில்லை. சேர்க்கைப் பதிவேடு என்று தடித்த நோட்டு ஒன்று இருக்கும். எந்த ஆண்டு, யாரிடமிருந்து, எத்தனை கட்டு வந்தது என்று அதில் ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் பிரதிப் பிரிவில் அதைக் கேளுங்கள். தட்டச்சு செய்த விவர அட்டவணை தனியாக ஓர் அலமாரியில் கிடப்பதும் உண்டு. பொறுப்பாளர் ஓய்வுபெற்றுவிட்டால் அது எங்கே என்று யாருக்கும் தெரியாமல் போகும். நூலகத்தில் பழைய உதவியாளர் யாராவது இருந்தால் முதலில் அவரைப் பிடியுங்கள்.

கேள்வி: சார், மெக்கன்சி சேகரிப்பு சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது என்று படித்தேன். பாளையக்காரர் வம்சாவளிகளை அப்படியே நம்பலாமா?

பதில்: முதலில் இடம். சேகரிப்பின் தமிழ்ப் பகுதி இருப்பது 1869இல் தொடங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில். அது நெடுங்காலம் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தில் இயங்கியதால் இந்தக் குழப்பம். இப்போது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இருக்கிறது. நிர்வாகம் அரசுடையது, பல்கலைக்கழக நூலகருக்கு விண்ணப்பம் எழுதினால் திரும்பி வரும். சேகரிப்பில் ஒரு பெரும் பங்கு லண்டனில், இன்றைய பிரிட்டிஷ் நூலகத்தில்.

நம்பகத்துக்கு வருவோம். காலின் மெக்கன்சி 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர், 1821இல் இறந்தார். ஊர் ஊராகப் போய்க் கைபீதுகளையும் (ஊர் வரலாற்றுக் குறிப்புகள்) வம்சாவளிகளையும் திரட்டியவர்கள் காவெலி சகோதரர்கள் போன்ற அவருடைய உதவியாளர்கள். 1828இல் வில்சன் என்ற ஆங்கிலேய அறிஞர் வெளியிட்ட அந்தச் சேகரிப்பின் அட்டவணைதான் இன்றும் நுழைவாயில். இப்போது காலத்தைக் கவனியுங்கள். பாளையங்களின் படைபலம் ஒடுக்கப்பட்டு, 1802இல் நிரந்தர ஜமீன் ஏற்பாடு வந்து, யாருக்கு எந்த நிலம் என்று கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) முடிவுசெய்துகொண்டிருந்த நேரம் அது. கும்பினி உத்தியோகஸ்தரின் ஆள் வந்து "உங்கள் வம்ச வரலாறு என்ன" என்று கேட்டால் எந்தப் பாளையக்காரர் தன் உரிமையைக் குறைத்துச் சொல்வார்? முன்னோருக்கு நாயக்க மன்னர் பட்டம் கட்டிய கதை பல வம்சாவளிகளில் வருவது அதனால்தான்.

அதற்காகத் தள்ளிவிட வேண்டாம். எல்லைகள், குளங்கள், கோயில் மரியாதை, காவல் கிராமங்களின் பெயர்கள் எல்லாம் பக்கத்துப் பாளையத்தாருக்கும் தெரிந்த விஷயம், அங்கே பொய் சொல்வது கடினம். பட்டம் பெற்ற கதையைச் சந்தேகியுங்கள், ஊர்ப்பட்டியலைப் பயன்படுத்துங்கள். ஒன்று கவனிக்கவும்: சிதைந்த பிரதிகளைப் பின்னாளில் மறுபடி எழுதிவைத்திருக்கிறார்கள். உங்கள் கையில் இருப்பது மூலமா மறுபிரதியா என்று குறிக்காமல் மேற்கோள் காட்டாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் நிலம் பழைய இனாம் என்கிறார்கள். எந்தப் பதிவேட்டைக் கேட்பது?

பதில்: இனாம் என்பது வரியில்லாமலோ குறைந்த வரியிலோ விட்ட மானிய நிலம். அதை விசாரிக்க இனாம் கமிஷன் 1858இல் ஏற்பட்டது. அதன் விசாரணை முடிவுகளைத் தாங்கியது இனாம் பதிவேடு. கிராமம், விஸ்தீரணம், யார் கொடுத்தது, எதற்காக (கோயிலுக்கான தேவதாயம், பிராமணருக்கான பிரம்மதாயம், ஊழியம் என), அப்போது யார் அனுபவம், கமிஷனின் முடிவு, டைட்டில் டீடு (உரிமைப் பத்திரம்) எண் எல்லாம் வரிசையாக இருக்கும். அந்த எண்தான் சாவி. மூலம் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ மாவட்டத்திலோ இருக்கும். பல்கலைக்கழக நூலகத்தில் கிடைப்பது அச்சான செட்டில்மென்ட் (நிலவரி நிர்ணய) அறிக்கைகளும் மாவட்ட மானுவல்களும் (கையேடுகள்). அவற்றை முதலில் படித்துவிட்டுப் போனால் எழும்பூரில் பாதி நாள் மிச்சம். வழக்குக்கு என்றால் ஆய்வாளராகப் போட்டோ எடுத்த பிரதி செல்லாது, சான்றிட்ட நகல் வாங்குங்கள்.

கேள்வி: ஓர் ஆவணத்தில் "துந்துபி வருஷம் ஆவணி மாதம், பசலி 1272" என்று மட்டும் இருக்கிறது. இதை எப்படி ஆங்கில ஆண்டாக்குவது?

பதில்: பசலி என்பது வரிவசூலுக்கான அரசாங்க ஆண்டு. அதோடு 590 கூட்டுங்கள்: 1862. பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும், ஆகவே 1272 என்பது 1862 ஜூலை முதல் 1863 ஜூன் வரை. துந்துபி அறுபதாண்டுச் சுற்றில் 1802, 1862, 1922 என்று வரும். இரண்டும் 1862இல் பொருந்துகின்றன. ஆவணி என்றால் ஆகஸ்ட்–செப்டம்பர். அதே துந்துபி மாசி என்றிருந்தால் 1863 பிப்ரவரி–மார்ச் ஆகிவிடும்; பலர் சறுக்குவது இங்கேதான்.

இன்னொரு சிக்கல். தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது, பசலி ஜூலையில். ஆகவே துந்துபி சித்திரையும் வைகாசியும் பசலி 1271இல் விழும். இரண்டும் பொருந்தாத ஆவணம் வந்தால் உடனே போலி என்று சொல்லிவிடாதீர்கள், எந்த மாதம் என்று பாருங்கள். தென்கோடி ஆவணமானால் கொல்லம் ஆண்டும் இருக்கும்: ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரிக்குப் பிறகு 825 கூட்ட வேண்டும். சக (சாலிவாகன) ஆண்டுக்கு 78. ஆள்வோர் பெயரையோ கிழமையையோ வைத்து இன்னொரு முறை சரிபாருங்கள். அறுபதாண்டுச் சுற்றை மட்டும் நம்பினால் ஓர் அறுபது ஆண்டு முன்பின்னாகப் போய்விடும்.

கேள்வி: அண்ணா, ஓலைக் கணக்கைப் படிக்கத் தெரியவில்லை. எழுத்து தமிழ்தான், ஆனால் சொல்லே பிடிபடவில்லை.

பதில்: தம்பி, ஓலையில் புள்ளி இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. "கரலம" என்று கண்ணில் படுவது "காலம்". சொல்லுக்கு இடையே இடைவெளியும் கிடையாது. முதலில் அறிந்த தொடரைப் பிடியுங்கள்: ஆவணத் தொடக்கத்தில் வருஷம், மாதம், தேதி, எழுதிக்கொடுத்தவர் பெயர் என்று ஒரே வாய்பாடு வரும். அதிலிருந்து எழுதியவரின் கையைக் கற்றுக்கொண்டு உள்ளே போகலாம்.

கணக்கில் குறியீடுகளைத் தனியே மனப்பாடம் செய்யுங்கள். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௨௱௩௰௪ என்றால் 234. ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி. பின்னத்தில் மா என்பது 20இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகை சரியாக வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ஏதோ ஒரு பின்னத்தைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள். கணக்கு ஓலையின் நன்மை அது, தன்னைத் தானே திருத்தும்.

எழுத்து மங்கலாக இருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் கீறல் தெரியும். நீங்களாக மை பூசாதீர்கள், அது நூலகத்தாரின் வேலை. தஞ்சை மராட்டியர் காலக் கட்டு என்றால் எழுத்து மோடி என்ற பழைய மராத்தி வரிவடிவமாக இருக்கும், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கும் மோடி ஆவணத் தமிழாக்கத் தொகுதிகளை முதலில் பாருங்கள்.

கேள்வி: போட்டோ எடுக்க விடுவார்களா? பதிப்பிக்கலாமா?

பதில்: இரண்டும் வேறு வேறு அனுமதி. படம் எடுக்க: வழிகாட்டியின் கடிதம், அடையாள அட்டை, தேவையான எண்களின் பட்டியல். ஃபிளாஷ் கூடாது. மேல் அட்டை, வெற்றுப் பக்கம், பின்புறக் குறிப்பு எதையும் விடாதீர்கள். ஓரத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். ஓலையில் ஏட்டு எண் பெரும்பாலும் முன்பக்க இடது ஓரத்தில் இருக்கும், அது சட்டகத்துக்குள் விழ வேண்டும். கோப்புப் பெயரில் சேர்க்கை எண்ணும் ஏட்டு எண்ணும் இருக்கட்டும். வீட்டுக்குப் போய்ப் பெயர் வைக்கிறேன் என்றவர்களின் படங்கள் எந்தக் கட்டைச் சேர்ந்தவை என்று யாருக்கும் தெரியாது.

பதிப்பிக்க: ஒரு கடிதத்தின் தாள் பெற்றவருக்குச் சொந்தம், எழுத்துரிமை எழுதியவருக்கு. இந்தியாவில், ஆசிரியர் வாழ்நாளிலேயே வெளியான படைப்புக்கு அது அவர் இறந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும்; அவர் காலத்தில் வெளியாகாததற்கு, முதலில் வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். நூலகத்தில் உள்ள அச்சாகாத படைப்பை ஆய்வுக்காகப் படியெடுப்பதிலும், எழுதியவர் யார் என்று தெரிந்திருந்தால், அவர் இறந்து 60 ஆண்டு கடந்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. நூலகம் "சரி" என்றதால் வாரிசும் சரி என்றதாக ஆகாது.

கேள்வி: தாத்தா கணக்குப்பிள்ளை. அவருடைய பெட்டியில் ஓலையும் காகிதமுமாக நிறைய இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க நினைக்கிறோம். சுத்தம் செய்து, தலைப்புவாரியாகப் பிரித்து லேமினேட் செய்து கொடுக்கலாமா?

பதில்: அம்மா, மூன்றும் வேண்டாம். முக்கியமாக லேமினேஷன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைச் சேதப்படுத்தாமல் உரிக்க முடியாது. செல்லோடேப்பும் அப்படியே, அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும்.

பிரிப்பது அதைவிட மோசம். ஒரே கயிற்றில் கட்டிய ஐந்து தாள் ஒரே தகராறைச் சேர்ந்ததாக இருக்கும். தேதி இல்லாத தாளுக்கு அதன் பக்கத்துத் தாள்தான் தேதி சொல்லும். கட்டை அவிழ்த்துவிட்டால் அந்தச் செய்தியை எந்த நிபுணராலும் மீட்க முடியாது. பெட்டியைத் திறந்ததும் உள்ளே இருப்பது இருக்கிறபடியே மேலிருந்து படம் எடுங்கள். கட்டுக்கு ஒரு எண், பென்சிலால் துண்டுச் சீட்டில் எழுதிச் செருகுங்கள். ஆவணத்தின் மேல் எழுதாதீர்கள். உறை, சுற்றியிருந்த துணி, ஓரத்தில் கிறுக்கிய வட்டிக் கணக்கு எதையும் எறியாதீர்கள். பெட்டி யாருடையது, எந்த வீட்டிலிருந்து வந்தது, தாத்தா எந்தெந்தக் கிராமத்துக்குக் கணக்கு எழுதினார் என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். அந்த ஒரு பக்கம் இல்லாததால்தான் பல தொகுப்புகள் "பலவகை" என்ற பெயரில் இருட்டில் கிடக்கின்றன.

கொடுக்கும்போது வாய்ப்பேச்சு போதாது, நன்கொடைப் பத்திரம் எழுதுங்கள். உடைமை மாறுகிறதா, இரவலா, எழுத்துரிமை யாருக்கு, குடும்பத் தகராறுக் காகிதங்களை எத்தனை ஆண்டு மூடிவைப்பது, வேண்டாததை நூலகம் கழித்தால் உங்களிடம் திருப்பித் தருமா, ஸ்கேன் பிரதி ஒன்று உங்களுக்கு உண்டா. இந்த ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும். இடையில் பழம்பொருள் வியாபாரி வந்து விலை பேசினால் ஒன்று நினைவிருக்கட்டும்: 75 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கேள்வி: அதுவரை பூச்சி அரிக்காமல் இருக்க?

பதில்: காகிதம் என்றால் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம். வீட்டு ஃப்ரீசர் அவ்வளவு குளிராது, இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட வேண்டும், இல்லாவிட்டால் தாளின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். ஓலைக்கும் கண்ணாடி நெகட்டிவுக்கும் இது வேண்டாம். நனைந்த காகிதத்தில் 48 மணி நேரத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும்; மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள், வெயிலில் போடாதீர்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்து ஆவணங்களை இணையத்தில் பார்க்க முடியுமா?

பதில்: 'நூலகம்' என்ற பெயருடைய நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்கள், இதழ்கள், ஆவணங்களை மின்வடிவாக்கி இலவசமாகத் தருகிறது. அங்கிருந்து தொடங்குங்கள். டச்சுக் காலத் தோம்புகளுக்குக் (நிலப் பதிவேடுகள்) கொழும்புத் தேசிய ஆவணக் காப்பகத்தை அணுக வேண்டும்.

கேள்வி: ஆய்வேட்டில் அடிக்குறிப்பு எப்படிப் போடுவது? வழிகாட்டி "நூலகப் பெயர் போதும்" என்கிறார்.

பதில்: போதாது. நிறுவனம், தொகுப்பின் பெயர், கட்டு அல்லது பெட்டி எண், கோப்பு எண், ஆவணத்தின் வகையும் தேதியும், தாள் எண் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள். ஓலைக்குச் சுவடி எண், ஏட்டு எண், முன்பக்கம் அ, பின்பக்கம் ஆ. பசலியை ஆவணத்தில் உள்ளபடியே கொடுத்து, நீங்கள் கணக்கிட்ட ஆங்கில ஆண்டைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். நூலகம் எண்களை மாற்றுவதுண்டு, ஆகவே நீங்கள் பார்த்த ஆண்டையும் பழைய எண் தெரிந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள்.