அந்த 1,400 கனெக்‌ஷன் யாருடையது?

கேள்வி: ஐயா, எனக்கு 61 வயது. போன வருஷம் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். காட்பாடியில் சொந்த வீடு இருக்கிறது. ஓய்வுப் பணம் 22 லட்சம் பேங்கில் கிடக்கிறது. என் அண்ணன் மகன் காட்பாடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் இன்டர்நெட் சர்வீஸ் நடத்துகிறான். ஊருக்குள் ஃபைபர், மலையடிவாரக் கிராமங்களுக்கு டவர் வைத்து வயர்லெஸ். 1,400 கனெக்‌ஷன் இருக்கிறதாம். 12 லட்சம் போட்டுப் பார்ட்னராகச் சேர்ந்தால் மாதம் 18,000 தருகிறேன் என்கிறான். “சோறு இல்லாமல்கூட இருப்பாங்க அத்தை, நெட் இல்லாமல் இருக்க மாட்டாங்க” என்கிறான். போடலாமா? இல்லையென்றால் பெரிய செல்போன் கம்பெனிப் பங்காவது வாங்கலாமா?

பதில்: அம்மா, பையன் சொல்வது சரிதான். நெட் இல்லாமல் இனி யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த நெட்டை அவனிடம்தான் வாங்குவார்கள் என்று எதை வைத்துச் சொல்ல முடியும்? உங்கள் 12 லட்சம் அந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது.

முதலில் லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள். ஊர்ப்பக்கம் இந்தத் தொழில் செய்கிற பலர், தொலைத்தொடர்புத் துறையிடம் லைசென்ஸ் வாங்கிய ஒரு கம்பெனிக்கு பிரான்சைஸாகத்தான் இருப்பார்கள். பில் அந்தக் கம்பெனி பேரில் போகும். வாடிக்கையாளர் கணக்கும் அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேரில்தான் இருக்கும். வயர் இழுத்ததும், வீடு வீடாகப் போய் வசூல் செய்வதும் மட்டும் உங்கள் பையன். ஒப்பந்தம் முறிந்தாலோ, அந்தக் கம்பெனி தனக்கு நெட் தருகிற பெரிய கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கட்டாமல் விட்டாலோ, லைன் மொத்தமும் ஒரே ராத்திரியில் நின்றுவிடும். 1,400 பேரின் திட்டும் உங்கள் பையனுக்குத்தான். “ஒரு கனெக்‌ஷன் இவ்வளவு என்று எப்போது வேண்டுமானாலும் வித்துடலாம்” என்று சொல்வான். ஒப்பந்தத்தில் அந்த உரிமை அவனுக்கு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

வயர்லெஸ்ஸில் வேறு சிக்கல். சின்ன ஆபரேட்டர்கள் கிராமங்களுக்கு சிக்னல் அனுப்புவது பெரும்பாலும் லைசென்ஸ் தேவைப்படாத 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். காசு கட்ட வேண்டாம், நல்லதுதான். ஆனால் நாளைக்கு அடுத்த தெருக்காரர் அதே அலைவரிசையில் ஒரு ரேடியோவை ஏற்றினால், வேகம் குறைகிறது என்று யாரிடமும் போய்ப் புகார் சொல்ல முடியாது.

இனி கணக்குக்கு வருவோம். இவை நான் வைத்துப் பார்க்கிற எண்கள், அவனுடைய உண்மையான எண்களை நீங்கள் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வரி போக ஒரு கனெக்‌ஷனுக்கு 500 ரூபாய் என்றால் மாதம் 7 லட்சம். லைசென்ஸ் கம்பெனிக்குப் பாதி என்றால் கையில் நிற்பது மூன்றரை லட்சம். லைன்மேன் சம்பளம், டவர் வாடகை, கரண்ட், பெட்ரோல், இடி விழுந்து போகிற கார்டுகள், பேட்டரி எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 80 ஆயிரம் என்று வையுங்கள். மிச்சம் 70,000. இப்போது 200 பேர் மட்டும் விலகுகிறார்கள். அவன் பங்கில் 50,000 குறையும். லைன்மேன் சம்பளம் குறையாது, டவர் வாடகை குறையாது. மிச்சம் 20,000. அதில் உங்களுக்கு 18,000 கொடுத்தால் அவன் குடும்பம் எதில் சாப்பிடும்? ஏழில் ஒருவர் போனாலே லாபத்தில் ஏழில் ஐந்து பங்கு போய்விடுகிறது.

அந்த 200 பேர் போவார்களா என்று கேட்பீர்கள். ஜியோ ஃபைபர் 2020 செப்டம்பரில் 399 ரூபாய் பிளான் கொண்டுவந்தது. 2023-இல் ஜியோவும் ஏர்டெல்லும் ஏர்ஃபைபரைக் கொண்டுவந்தன. 5ஜி டவர் சிக்னல் கிடைத்தால் போதும், மொட்டை மாடியில் ஒரு பெட்டியை மாட்டி வீட்டுக்குள் வைஃபை கொடுத்துவிடுகிறார்கள். கம்பம் வேண்டாம், கேபிள் வேண்டாம். உங்கள் பையனின் மலையடிவாரக் கிராமங்களுக்கு 5ஜி எட்டும் நாளில் முதல் அடி அங்கேதான் விழும். அப்புறம், காட்பாடி என்றால் விஐடி பிள்ளைகள் எடுத்துத் தங்கும் வாடகை வீடுகள் இருக்கும். பாலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலூரில் லைன் இருந்தால் சிஎம்சிக்கு வரும் வெளிமாநில நோயாளிகள் தங்குகிற லாட்ஜுகளும் இருக்கும். லீவு விட்டால் பிள்ளைகள் ரீசார்ஜ் செய்வதில்லை. 2020 ஊரடங்கில் அந்த லாட்ஜுத் தெருக்கள் எப்படிக் கிடந்தன என்று உங்களுக்கே தெரியும். 1,400-இல் எத்தனை சொந்த வீடு, எத்தனை வாடகை என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

போன மழைக்காலத்தில் சத்துவாச்சாரியில் நான் பார்த்த ஒன்று. கால்வாய் தோண்டிய ஜேசிபி ஒரு கேபிளை இழுத்து அறுத்துவிட்டது. ராத்திரி பதினோரு மணி. ஒரு பையன் குடை பிடிக்க, இன்னொரு பையன் ஸ்கூட்டர் சீட்டில் ஸ்பிளைசிங் மெஷினை வைத்து, முடி போன்ற கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டவைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கிடந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அப்படி உழைக்கிற பிள்ளைகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த அறுந்த கேபிளுக்கு நஷ்ட ஈடு சுலபத்தில் கைக்கு வராது. ஈபி கம்பத்தில் கட்டியதைக் கழற்றச் சொன்னாலும் கதை அதுதான்.

பெரிய கம்பெனிப் பங்கைப் பற்றிக் கேட்டீர்கள். ஏர்செல்லை மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் 1999-இல் தொடங்கி வீட்டுக்கு வீடு இருந்த சிம், 2018 பிப்ரவரியில் சிக்னல் இல்லாமல் போய், நம்பரை மாற்றிக்கொள்ள ஜனங்கள் கடை வாசலில் நின்றார்கள். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் பங்கு 2008 ஜனவரியில் 800 ரூபாய்க்கு மேல் போனது, 2019-இல் கம்பெனியே திவால் நடவடிக்கைக்குப் போனது. அரசுக்குக் கட்டும் கட்டணத்தை எந்த வருமானத்தின் மேல் கணக்கிடுவது என்ற வழக்கில் 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பால் கம்பெனிகள் தலையில் பல்லாயிரம் கோடி பாக்கி ஏறியது. ஒரே பங்கில் ஓய்வுப் பணத்தைப் போடாதீர்கள். ஆசை இருந்தால், பல பெரிய கம்பெனிகளின் பங்குகளில் பணத்தைப் பிரித்துப் போடுகிற ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் போடுங்கள், அதில் தொலைத்தொடர்புக் கம்பெனியும் கொஞ்சம் வரும்.

பார்ட்னர் என்ற வார்த்தைக்கு முக்கியமாகப் பயப்படுங்கள். 1932-ஆம் வருஷக் கூட்டாண்மைச் சட்டப்படி, தொழிலில் கடன் ஏறினால் ஒவ்வொரு பார்ட்னரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. நீங்கள் கடைப் பக்கமே போகாத ஸ்லீப்பிங் பார்ட்னராக இருந்தாலும் கடன்காரர் உங்கள் காட்பாடி வீட்டு வாசலுக்கு வரலாம். 12 லட்சத்தோடு நஷ்டம் நிற்காது. கையெழுத்துப் போடாதீர்கள்.

என் யோசனை இது. அந்த 12 லட்சத்தையும் தபால் ஆபீசிலோ பேங்கிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,600 வரும், மாதக் கணக்கில் 8,200. பையன் சொன்ன தொகையில் பாதிகூட இல்லைதான். ஆனால் ஐந்து வருஷத்துக்கு அந்த வட்டி மாறாது, ஜேசிபி அறுக்காது.

அண்ணன் மகனுக்கு உதவ மனசு இருந்தால், மீதிப் பணத்தில் 2 லட்சம் கடனாகக் கொடுங்கள். புரோநோட்டு எழுதி வாங்குங்கள். பொதுவாக மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் அந்த உரிமை போய்விடும், அதனால் தேதியைக் குறித்து வையுங்கள். இது போனாலும் அத்தை சொந்தம் முறியாது என்கிற அளவு தொகை அது.

பிரான்சைஸ் ஒப்பந்தத்தின் நகலும், கடைசி பன்னிரண்டு மாதத்தின் வசூல் பட்டியலும் அவனிடம் கேட்டு வாங்கி எனக்கு அனுப்புங்கள். பிள்ளைகள் லீவில் போகிற மே, ஜூன் மாத வசூலை முதலில் பார்க்கிறேன். 2 லட்சத்துக்கு மேல் கொடுக்கலாமா என்பதை அப்புறம் சொல்கிறேன்.