சொட்டுநீரில் புகைமருந்து: வாசகர் கேள்விகள்

தக்காளி வேரெல்லாம் முடிச்சு. அடுத்த நடவுக்கு முன் மெட்டாம் சோடியம் என்ற புகைமருந்தை டிரிப்பில் விட்டால் போதுமா? (பாலக்கோடு)

விட்டால் மட்டும் போதாது. பழைய வேரை முதலில் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அந்த முடிச்சு, கண்ணுக்குத் தெரியாத நூற்புழு வேரில் உண்டாக்குவது. முடிச்சுக்குள் இருக்கும் அதன் முட்டைக்கு மருந்தின் வாயு சரியாகப் போய்ச் சேராது. மருந்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே மண் ஈரமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் ஷீட்டை முன்பே விரித்து ஓரத்தில் மண் அணைத்துவிடுங்கள். ஈரமண்ணில்தான் மருந்து வாயுவாக மாறும். அது கண்ணைக் கரிக்கும், மூச்சை அடைக்கும். வீடோ மாட்டுக்கொட்டகையோ பக்கத்தில் இருந்தால் வேண்டாம். சுமார் 3 வாரம் கழித்து மண்ணைக் கிளறி ஆற விடுங்கள். நடும் முன், அந்த மண்ணை ஒரு பாட்டிலில் போட்டு முள்ளங்கி விதை தூவி மூடி வையுங்கள். மருந்து படாத மண்ணில் இன்னொரு பாட்டில். இரண்டும் ஒரே மாதிரி முளைத்தால் நடலாம். எத்தனை முறை எழுதினாலும் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் போகிறீர்கள், அப்புறம் நாற்று கருகியது என்று கடிதம் வருகிறது. லேபிளில் உங்கள் பயிர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மெட்டாம் விட்டால் கோரைக் களை ஒழியுமா? (ஒட்டன்சத்திரம்)

முழுதாக ஒழியாது. ஆழத்தில் உறங்கும் கிழங்கு தப்பிவிடும். தண்ணீர் பரவும் இடம்வரைதான் மருந்தும் போகும் என்பதால் பாத்தி ஓரத்துக் களையும் பிழைக்கும். கலிஃபோர்னியா ஸ்ட்ராபெர்ரிக்காரர்கள் ஒரே பாத்தியில் இரண்டு டிரிப் டேப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உரத்தை உறிஞ்சி டிரிப் லைனில் கலக்கும் வெஞ்சுரியிலேயே மருந்தையும் விடலாமா? (உடுமலை)

போருக்கும் வெஞ்சுரிக்கும் நடுவில், தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறதா? அதை எழுதவில்லையே! இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பத்தில் எட்டு இப்படித்தான். மருந்தின் அளவைக் கேட்கிறீர்கள், வால்வைப் பற்றி ஒரு வரி கிடையாது.

மும்முனை மின்சாரம் சொல்லிக்கொண்டா போகிறது? மோட்டார் நின்றதும் போர்க் குழாயில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கும். இறங்கும்போது லைனில் இருப்பதையும் சேர்த்து இழுக்கும். மருந்து டிரம் திறந்திருந்தால் அதுவும் உள்ளே போகும். அதே போரிலிருந்துதான் வீட்டுத் தொட்டிக்கும் தண்ணீர் ஏற்றுகிறீர்கள், குழந்தைகள் குடிக்கிறார்கள். "மோட்டாரிலேயே வால்வு இருக்கு" என்பார்கள். அதில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், ஒழுக ஆரம்பித்துவிடும்.

சோதித்துப் பாருங்கள். வெஞ்சுரியின் உறிஞ்சு குழாயை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, வயல் பக்க வால்வை மூடி, மோட்டாரை நிறுத்துங்கள். வாளியில் தண்ணீர் இறங்கினால் அது போருக்குத்தான் போகிறது. அப்படிப்பட்ட லைனில் உரம்கூட விடாதீர்கள்.

மெயின் லைனில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு, அதற்கும் போருக்கும் நடுவில் காற்றை உள்ளே விட்டு இழுப்பை முறிக்கும் ஒரு ஏர் வால்வு, உறிஞ்சு குழாயில் சின்னதாக ஒரு வால்வு. சில ஆயிரத்தில் முடிகிற வேலை. கெட்டுப்போன போரைச் சுத்தம் செய்ய எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. மருந்து விடுவது பகலில்தான், ஆள் பக்கத்தில் நிற்கும்போதுதான்.

ஆசிட் விட்டு டிரிப்பைச் சுத்தம் செய்த கையோடு மெட்டாம் விடலாமா? (தாராபுரம்)

கூடவே கூடாது. ஆசிட் பட்டால் மருந்து குழாயிலேயே சிதைந்து நச்சு வாயு வரும். வெறும் தண்ணீரால் நன்றாக அலசி, இன்னொரு நாள் விடுங்கள்.

நூற்புழு தாக்கிய கொய்யா மரத்துக்கு மெட்டாம் விடலாமா? (ஆயக்குடி)

நிற்கும் மரத்துக்குப் புகைமருந்தா? மரமே செத்துவிடும். கொய்யாவைத் தாக்கும் இந்த நூற்புழு இந்தியாவில் முதலில் பதிவானதே உங்கள் ஆயக்குடியில்தான். நர்சரிக் கன்றோடுதான் பெரும்பாலும் பரவுகிறது. வேப்பம்புண்ணாக்கும் நூற்புழுவைத் தின்னும் பூஞ்சாணமும் கொடுத்து வாருங்கள். ஃபுளுயோபைரம் என்ற நூற்புழு மருந்தை விடுவதாக இருந்தால் லேபிளைப் பார்த்துவிட்டு. புதுக் கன்று வாங்கும்போது பையைக் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாத நர்சரியில் வாங்காதீர்கள்.

வெயில் சூட்டில் சாகட்டும் என்று மல்ச்சிங் ஷீட் போட்டு மண்ணை மூடியும் நூற்புழு சாகவில்லையே? (ஊர் எழுதவில்லை)

எந்த மாதம், என்ன ஷீட், எத்தனை நாள்? எதுவும் இல்லை. கருப்பு ஷீட்டாக இருந்தால் பலன் குறைவு. உள்ளே தெரிகிற மெல்லிய ஷீட், சுமார் 25 மைக்ரான், ஈரமண், சித்திரை வெயில், 4 முதல் 6 வாரம். அப்படியும் மேல்மண்தான் நன்றாகச் சூடேறும்.

கத்தரிக்கு வருடா வருடம் மெட்டாம் விடலாமா? (நிலக்கோட்டை)

திரும்பத் திரும்ப விட்டால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சீக்கிரம் சிதைக்கப் பழகிவிடும், மருந்து வேலை செய்யாது. சுண்டையில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று கிடைக்கிறது. வேர்முடிச்சையும் பாக்டீரியா வாடலையும் நன்றாகத் தாங்கும். அதை நடுங்கள்.